பிள்ளையைப் பார்க்காமல் பிள்ளையை அளப்பது

பூந்தமல்லியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. பார்வைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் 1988 முதல் அதே ஊரில் இருக்கிறது. குழந்தைகளின் அறிவாற்றலை அளக்கும் சோதனைகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பள்ளிதான். சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கி அட்டையில் உள்ள வடிவத்தைக் கொண்டுவரச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. படத்தில் எது விடுபட்டிருக்கிறது என்று கேட்கும் சோதனை இன்னொன்று. பார்வையில்லாத பிள்ளையிடம் இவற்றை நீட்டினால் கிடைப்பது பூஜ்யம். பிள்ளையின் அறிவுக்கும் அந்தப் பூஜ்யத்துக்கும் சம்பந்தமே இல்லை. சோதனையை அமைத்தவர் எப்படிப்பட்ட பிள்ளையை மனத்தில் வைத்திருந்தார் என்பது மட்டும் அதிலிருந்து தெரியவரும்.

பார்வை விஷயத்தில் இந்தப் பிழை கண்கூடாகத் தெரிந்துவிடுகிறது. வீட்டு மொழி, படித்த பள்ளி, கூட உட்கார்ந்திருந்தவர், கையில் இருந்த கருவி ஆகியவற்றால் நேரும் பிழை அப்படிச் சட்டென்று தெரிவதில்லை. வாட்ஸப்பில் வரும் ஓர் இணைப்பைத் தொட்டு, அரைமணி நேரத்தில் பிள்ளையின் 'ஐக்யூ'வையும் கவனக்குறைவையும் மனச்சோர்வையும் எண்ணாக வாங்கிவிடலாம் என்ற காலத்தில், அந்தக் கண்ணுக்குத் தெரியாத பிழையைத்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் பெற்றோர் ஏன் அந்த இணைப்பைத் தொடுகிறார்கள் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அம்பத்தூர் 1960களில் உருவான தொழிற்பேட்டையின் ஊர். ஷிப்ட் வேலை, தினக்கூலி, ஒப்பந்த வேலை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, விமானப்படைத் தளம், சி.ஆர்.பி.எஃப். முகாம் எனப் பல மாநிலக் குடும்பங்கள் வந்து தங்கிய ஊர். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிறது என்றால் அரசு மருத்துவத்தில் நம்பகமான மதிப்பீடு கிடைக்கும் இடங்கள் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம் போன்றவை. ஆவடியிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் மூர்மார்க்கெட் வரை வந்து, இறங்கி மாறிப் போக வேண்டும். பூந்தமல்லிக்காரருக்கு முட்டுக்காடு நகரத்தின் மறுகோடி. மதிப்பீடு ஒரே நாளில் முடிவதும் அரிது. ஒவ்வொரு நாளும் ஒருவரின் கூலி போகும், பிள்ளைக்குப் பள்ளி போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த தாய் மொபைலில் வந்த இணைப்பைத் தொட்டால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் கையில் கிடைக்கும் தாள் என்ன என்பதுதான் கேள்வி.

1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சிமோனும் அறிவாற்றலுக்கான முதல் அளவுகோலை அமைத்தபோது அதன் நோக்கம் குறுகியது, நேர்மையானது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் யாருக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்று கண்டறிவது, அவ்வளவுதான். அறிவு மாறாத ஓர் அளவு என்று எண்ணுவதை பினே எதிர்த்தார். அந்த அளவுகோல் அமெரிக்கா போய், 1916-இல் லூயிஸ் டெர்மன் கையில் ஸ்டான்ஃபோர்ட்–பினே ஆனபிறகுதான் ஒரு பிள்ளையின் பெயரோடு ஓர் எண் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது.

இந்தியாவுக்கும் அது சீக்கிரமே வந்துவிட்டது. 1920களில் லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் இந்துஸ்தானியில் ஒன்றை அமைத்தார். வி.வி. காமத் கன்னட, மராத்திப் பிள்ளைகளிடம் சோதித்து உருவாக்கியதை 1940-இல் நூலாக வெளியிட்டார். பினே–காமத் சோதனை என்று அதற்குப் பெயர். 1969-இல் நாக்பூரில் ஆர்தர் மாலின் வெக்ஸ்லர் என்னும் இன்னொரு அறிவாற்றல் அளவுகோலை இந்தியப் பிள்ளைகளுக்காகத் திருத்தினார். பினே–காமத்தும் மாலினும் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் இன்றும் புழங்குகின்றன. அவற்றின் ஒப்பீட்டு அளவுகள் நம் தாத்தா பாட்டி காலத்துப் பிள்ளைகளை வைத்து எடுக்கப்பட்டவை. ஜேம்ஸ் ஃபிளின் 1980களில் காட்டியபடி, பல நாடுகளில் சராசரி மதிப்பெண் பத்தாண்டுக்கு ஏறக்குறைய 3 புள்ளி உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஆகவே பழைய அளவுகோலில் இன்றைய பிள்ளை இருப்பதைவிடக் கூடுதலாகவே மதிப்பெண் வாங்கும். கேட்க நல்ல செய்திபோல் இருக்கும். உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை எல்லைக்கோட்டைச் சில புள்ளிகளில் தாண்டிவிட்டால், சான்றிதழும் சலுகையும் அதன் கையை விட்டுப் போய்விடும்.

நேரில் செய்யும் சோதனைக்கே இத்தனை குறைகள் உண்டு. ஆனாலும் அது ஏன் தேவை என்றால், அங்கே ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்கிறார். பிள்ளை பென்சிலை எப்படிப் பிடிக்கிறது, கேள்வி புரியாமல் விழிக்கிறதா, புரிந்தும் பயந்து சும்மா இருக்கிறதா, கட்டைகளைக் கண்டபடி போட்டுப் பார்க்கிறதா, முதலில் யோசித்து வைக்கிறதா என்பதையெல்லாம் அவர் குறித்துக்கொள்கிறார். காலையில் சாப்பிட்டாயா என்று கேட்கிறார். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்கிறார். எண்களைத் திருப்பிச் சொல்லும் பகுதியில் மூன்று தப்பு செய்த பிள்ளை, அறைக்கு வெளியே தங்கையின் குரல் கேட்டதும் செய்ததா, அதற்கு முன்பா என்பது அவருக்குத் தெரியும். அறிக்கையில் எண்ணுக்குக் கீழே வரும் அந்த இரண்டு பக்க விவரணையில்தான் பிள்ளை இருக்கிறது.

இணைய வழியில் முதலில் விழுந்துவிடுவது அந்த இரண்டு பக்கம்தான். ஒற்றை அறை வீட்டில், அம்மா தோளுக்குப் பின்னால் நின்று "நல்லா யோசிச்சு சொல்லுடா" என்று சொல்லிக்கொண்டிருக்க, பிள்ளை பதில் அழுத்துகிறது. எண்களை வினாடிக்கு ஒன்றாகச் சொல்லி நினைவைச் சோதிக்கும் பகுதியில் சிக்னல் தடுமாறி இரண்டு எண்கள் ஒன்றாக வந்து விழுகின்றன. கட்டையைக் கையால் தொட்டு அடுக்க வேண்டிய இடத்தில் விரலால் இழுக்கச் சொல்கிறார்கள். மொபைலில் விளையாடிப் பழகிய பிள்ளைக்கு அது கைவந்த கலை, மொபைலே தராத வீட்டுப் பிள்ளைக்குப் புதுச் சோதனை. ஓர் அளவுகோலின் ஒப்பீட்டு எண்கள், அது எந்த முறையில் நடத்தப்பட்டதோ அந்த முறைக்குத்தான் செல்லும். முறை மாறினால் எண்ணும் அட்டவணையும் ஒன்றோடொன்று பேசாது. தேர்ந்த உளவியலாளர் காணொளி வழியாக, மறுபக்கம் பயிற்சி பெற்ற உதவியாளரை உட்காரவைத்து நடத்துவது வேறு. அதற்கு ஆய்வுகள் இருக்கின்றன, சில சோதனைகளில் முடிவுகள் ஒத்தும் வந்திருக்கின்றன. யாருமற்ற ஒரு பக்கத்தில் பிள்ளையே அழுத்தி, கணினியே கூட்டிச் சொல்லும் எண்ணுக்கு அந்த ஆய்வுகளைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

மொழிக்கு வருவோம். இந்த விஷயத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நடக்கும் அநீதி அதிகம்.

அம்பத்தூரின் சிறிய மெட்ரிக் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலத்தில் முதல் எழுத்தைக் கற்றவர்கள். இணையத்தில் கிடைக்கும் டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) சோதனைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்கானவை. ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிவிட்டு மிச்சத்தைச் சொல் என்று அவை கேட்கும். தமிழ் எழுத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்த ஒரு குறி ஓர் அசையாகவே கண்ணில் படுகிறது. தமிழில் திணறும் பிள்ளையின் தடுமாற்றமும் வேறு இடத்தில் இருக்கும்: ல, ள, ழ குழம்பும், ந, ண, ன குழம்பும், கொம்பும் காலும் இடம் மாறும், ஒரே 'க' மூன்று விதமாய் ஒலிப்பது பிடிபடாது. ஆங்கிலச் சோதனை இதில் எதையும் கேட்பதில்லை. ஆங்கிலம் போதிய அளவு காதில் விழாததையும் வாசிப்புக் குறைபாட்டையும் அதனால் பிரித்தறிய முடியாது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் இந்திய மொழிகளுக்கென டிஸ்லெக்சியா மதிப்பீட்டுத் தொகுப்பை வெளியிட்டது பெரிய முன்னேற்றம். அது முதலில் வந்த மொழிகள் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். தமிழ் அந்த முதல் பந்தியில் இல்லை.

ஆவடியில் இது இன்னும் சிக்கல். ஒரே வகுப்பில் தெலுங்கு, இந்தி, வங்காளம், மலையாளம் பேசும் வீடுகளின் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை தகப்பனுக்கு இடமாற்றம் வரும். அந்தப் பிள்ளை மூன்று எழுத்து முறைகளைத் தொட்டுத் தொட்டு விட்டு வந்திருக்கும். அதன் வாசிப்பு மந்தத்தை எந்த அட்டவணையோடு ஒப்பிடுவது? போதாக்குறைக்குப் பெருந்தொற்றுக்காலம் வேறு. தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியில் வாசிக்கக் கற்க வேண்டிய வயதைக் கடந்த பிள்ளைக்கு 'கற்றல் குறைபாடு' என்று பெயர் சூட்டுமுன், அதற்கு யாராவது உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்டிருக்க வேண்டும். படிவத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இருப்பதில்லை.

மனநிலையை அளக்கும் வினாத்தாள்களின் கதை சற்று வேறு. ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட பலம்–சிரமம் வினாத்தாள், 2001-இல் வந்த பி.எச்.க்யூ–9 என்னும் மனச்சோர்வு வினாத்தாள் ஆகியவை நல்ல கருவிகள். உலகெங்கும் பயன்படுகின்றன, தமிழிலும் கிடைக்கின்றன. ஆனால் "கடந்த இரண்டு வாரங்களில், பாதி நாட்களுக்கு மேல், மனம் தளர்ந்து நம்பிக்கையிழந்து" என்று ஒரு வாக்கியத்தை நீட்டினால் திருமுல்லைவாயில் பையன் எந்தக் கட்டத்தை அழுத்துவான்? நம் பிள்ளைகள் துக்கத்தை அப்படிச் சொல்வதில்லை. "ஒரு மாதிரியா இருக்கு", "கடுப்பா இருக்கு" என்பார்கள். சிறிய பிள்ளை என்றால் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கும். பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குத் தலைவலி வரும். என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் வெளியிட்ட மனநலக் கணக்கெடுப்பில் 3 லட்சத்து 79 ஆயிரம் மாணவர்கள் பதில் தந்தார்கள். பதற்றத்துக்குக் காரணம் படிப்பும் தேர்வும் மதிப்பெண்ணும் என்றவர்கள் 81 விழுக்காடு. அந்த நிலையில் உள்ள பிள்ளையிடம் இன்னுமொரு மதிப்பெண் தாளை நீட்டும்போது, இதிலும் நல்ல மார்க் எடுக்க வேண்டும் என்று நினைத்துப் பதில் எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள். ஆசிரியர் பார்ப்பார் என்று தெரிந்தால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று அழுத்தும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

பள்ளி முழுவதற்கும் ஒரே நாளில் கூகுள் ஃபார்ம் அனுப்பி 'மனநலப் பரிசோதனை' முடித்துவிட்டோம் என்று சொல்லும் வழக்கம் பரவிவருவதால் ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அது 73 பேர். வினாத்தாள் சிக்கல் உள்ளவரில் நூற்றுக்கு 80 பேரைப் பிடிக்கும், இல்லாதவரில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இது மோசமான கருவி அன்று. அப்போது 58 பேர் பிடிபடுவார்கள், 15 பேர் தப்பிப்போவார்கள். கூடவே, எந்தச் சிக்கலும் இல்லாத 185 பேரையும் அது சுட்டிக்காட்டும். மொத்தம் 243 பெயர்கள். அதில் உண்மையில் உதவி தேவைப்படுவோர் நான்கில் ஒருவருக்கும் குறைவு. அந்த 243 பேரோடும் தனித்தனியே பேச ஆள் வைத்திருக்கும் பள்ளிக்கு இந்த வினாத்தாள் வரப்பிரசாதம். ஆள் வைக்காத பள்ளி 185 பிள்ளைகளின் தலையில் ஒரு பட்டத்தைச் சுமத்திவிட்டு, 58 பேரைக் கண்டும் கைவிட்டுவிடுகிறது.

பி.எச்.க்யூ–9-இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்பது. மருத்துவமனையில் அதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் அன்றே ஒருவர் அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டும், வீட்டாரிடம் பேச வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருந்தது. இந்த மாநிலத்தில், இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் ஒரு பிள்ளை அந்தக் கட்டத்தை அழுத்த, திரை ஒரு எண்ணையும் "நிபுணரை அணுகவும்" என்ற வரியையும் காட்டிவிட்டு அணைகிறது என்றால், அந்தக் கேள்வியைக் கேட்கவே அந்தப் பக்கத்துக்கு உரிமை இல்லை என்பது என் உறுதியான கருத்து. பதிலைக் கேட்டு எழுந்து வர ஆள் இல்லாதவர் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது.

அந்தப் பதில் எங்கே போய்ச் சேருகிறது என்பதும் சின்ன விஷயம் இல்லை. பெட்டர்ஹெல்ப் என்ற அமெரிக்க இணைய ஆலோசனை நிறுவனம், சேரும்போது மக்கள் நம்பித் தந்த விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றோடு பகிர்ந்தது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்தது. 78 லட்சம் டாலர் கட்ட வேண்டிவந்தது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் பள்ளி அனுப்பும் படிவத்தில் பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் கேட்டுவிட்டு, யார் யார் அதைத் திறந்து பார்க்கலாம் என்று எழுதாமல் விடுவதைப் பெற்றோரே கேட்டால்தான் நிறுத்த முடியும்.

விரல்ரேகையைப் பதிந்து பிள்ளையின் பிறவித் திறனைச் சொல்கிறோம் என்று பள்ளிகளிலும் டியூஷன் மையங்களிலும் விற்கப்படும் 'டி.எம்.ஐ.டி.' பற்றி ஒரே வரி போதும்: அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவச் சங்கமே சொல்லிவிட்டது. பணத்தைக் கொடுக்காதீர்கள்.

சான்றிதழ் என்று வரும்போது இணைய எண்ணுக்கு மதிப்பே இல்லை என்பதைப் பல பெற்றோர் காசு போனபிறகுதான் அறிகிறார்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உண்டு. 2018-இல் வந்த வழிகாட்டி, கற்றல் குறைபாட்டுக்கு முதலில் நேரடி அறிவாற்றல் சோதனை, அதில் 85-க்கு மேல் இருந்தால் நிம்ஹான்ஸின் கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு என்று படிப்படியாக வகுத்தது. 8 வயதில் தந்த சான்றிதழை 14-இலும் 18-இலும் மறுபடி சோதித்துத் தர வேண்டும் என்றது. பிள்ளை மாறும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட இடம் அது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவை இந்த வழியில்தான் கிடைக்கும்.

இணையமே வேண்டாம் என்பதற்காக இவ்வளவும் சொல்லவில்லை. கதவைத் தட்டும் வேலையை அது நன்றாகவே செய்யும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளிடம் ஆட்டிச அறிகுறிகளைத் தேடும் எம்–சாட் வினாத்தாளில் 20 கேள்விகள். கை காட்டினால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏறிட்டுப் பார்க்கிறதா என்பதுபோன்ற எளிய கேள்விகள். மூன்று வயதுவரை "அப்பா மாதிரி, லேட்டாத்தான் பேசுவான்" என்று தள்ளிப்போடும் வீட்டுக்கு அது ஒரு நல்ல தட்டல். ஆனால் அதை உருவாக்கியவர்களே, நடுத்தர மதிப்பெண் வந்தால் தொடர் நேர்காணல் செய்தபிறகே முடிவுக்கு வர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இணையத்தில் பலர் படிப்பது முதல் பாதியை மட்டும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022-இல் கொண்டுவந்த 'நலம் நாடி' செயலியும் இந்த வகைதான். வகுப்பாசிரியர் மொபைலில் தாம் அன்றாடம் பார்க்கும் பிள்ளையைப் பற்றிப் பதில் தருகிறார். ஐயம் எழுந்தால் பிள்ளை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இங்கே பதில் சொல்பவர் பிள்ளையைத் தினமும் பார்க்கும் ஒருவர் என்பதால் இந்த முறைமேல் எனக்கு மரியாதை உண்டு. அதன் பலன் அடுத்த கட்டத்தில் ஆள் இருப்பதைப் பொறுத்தது.

பெற்றோருக்குச் சொல்ல மூன்று உண்டு. காசு கேட்டு மதிப்பீடு செய்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் அது இருக்கும், கேட்பதில் கூச்சம் வேண்டாம். எண்ணை மட்டும் தரும் அறிக்கையை வாங்காதீர்கள். பிள்ளையைப் பார்த்தவர் பார்த்ததை எழுதியிருக்க வேண்டும். பிள்ளை இறந்துபோவது பற்றி ஒரு சொல் சொன்னாலும் சோதனை தேடிக்கொண்டிருக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். 14416 என்ற டெலி–மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். 2022 அக்டோபர் முதல் இரவும் பகலும் இயங்குகிறது, கட்டணம் இல்லை.

அரசிடம் கேட்க ஒன்றே ஒன்று. ஆவடி 2019 முதல் மாநகராட்சி. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் மண்டலம். பூந்தமல்லிக்கு மெட்ரோ போடுகிறோம். இந்த மூன்று ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் வாரத்துக்கு ஒரு நாளாவது, தமிழில் சோதனை நடத்தத் தெரிந்த ஒரு மருத்துவ உளவியலாளரும் ஒரு சிறப்பாசிரியரும் உட்காரட்டும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு பெட்டிக் கட்டைகள், சத்தமில்லாத ஓர் அறை. ஷிப்ட் முடிந்து வரும் தாய்க்காக அந்த ஒரு நாளில் மாலை ஏழு மணிவரை அது திறந்திருக்க வேண்டும்.